ஆஸ்பத்திரிச் சீட்டும் நம் அங்கத்தினரும்

சங்கத்தில் கடன் பெற வரும் அங்கத்தினர் எவரும், பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டறியாமல் கையொப்பம் இடலாகாது என்பது நம் இயக்கத்தின் பழைய பாடம். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, தவறினால் விளைவு என்ன என்பவற்றைக் காரியதரிசி வாசித்துச் சொல்ல, அங்கத்தினர் கேட்டுத் தெளிந்த பின்னரே கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்கவேண்டும். பணத்தைப் பற்றிய தாளுக்கு இவ்வளவு எச்சரிக்கை காட்டும் நாம், உடலைப் பற்றிய தாளுக்கு அதில் பாதியேனும் காட்டுகிறோமா? ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டை நான்காக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அதில் உள்ள நோயின் பெயர்கள் பெரும்பாலும் கிரேக்க, இலத்தீன் மொழிகளிலிருந்து பிறந்தவை. "இது நமக்கு விளங்காது" என்று விட்டுவிடுகிறோம்.

மூளை, நரம்பு சம்பந்தமான நோய்களில் இந்த அலட்சியம் எவ்வளவு கேடு விளைவிக்கும் என்பதை நான் என் சொந்தப் பிழையினாலேயே அறிந்தேன். அதனை மறைக்காமல் எழுதுவதே முறை என்று கருதுகிறேன்.

நான் தாண்டிச் சென்ற சொல்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் சங்கத்திற்கு வருடாந்தர ஆய்வுக்காகச் சென்றிருந்தேன். அச்சங்கத்தின் பழைய அங்கத்தினர் ஒருவர், வயது ஐம்பத்தைந்து இருக்கும், முந்தைய நாள் தறியில் அமர்ந்திருந்தபோது அவருடைய வலக்கையிலிருந்து நாடா நழுவி விழுந்தது. எடுக்க முயன்றார், விரல்கள் கேட்கவில்லை. வாய் ஒரு பக்கம் கோணிற்று. ஏதோ சொல்ல முயன்றார், சொல் குழறிற்று. கால் மணி நேரத்தில் யாவும் சரியாகிவிட்டன. எனினும் வீட்டார் அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றனர். சீட்டும் மாத்திரைகளும் கொடுத்து, மறுபடியும் வரச் சொல்லி அனுப்பினர்.

படித்த மனிதர் ஒருவர் சங்கத்திற்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அவருடைய மனைவி அந்தச் சீட்டை என்னிடம் கொண்டு வந்தார். "இதில் என்ன எழுதியிருக்கிறது என்று கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், ஐயா" என்றார்.

'டிரான்சியன்ட் இஸ்கீமிக் அட்டாக்' என்று எழுதியிருந்தது. முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் எனக்குத் தெரியும். நடுவில் நின்ற சொல் தெரியாது. பேரேட்டில் ஒரு வரி விளங்காவிடில் மேற்கொண்டு ஒரு வரியும் வாசியாத நான், அன்று அந்தச் சொல்லைத் தாண்டிச் சென்றேன். "வந்து போகிற ஒரு தாக்குதல், அம்மா. வந்தது, போய்விட்டது. கவலை வேண்டாம்" என்றேன். அந்த அம்மையார் கைகூப்பிவிட்டு மகிழ்ச்சியோடு சென்றார்.

போய்விட்ட நோய்க்கு மருந்து எதற்கு என்று பத்து நாட்களில் மாத்திரையை நிறுத்திவிட்டனர். மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை மீண்டும் வலக்கை விழுந்தது, காலும் விழுந்தது. சென்ற தடவையைப்போல் தானாகப் போய்விடும் என்று, எண்ணெய் தேய்த்துப் படுக்க வைத்து மாலைவரை காத்திருந்தனர். ஆஸ்பத்திரி சேர்ந்தபோது ஒன்பது மணி நேரம் கடந்திருந்தது.

செய்தி அறிந்து நான் பார்க்கச் சென்றேன். அந்த அம்மையார் என்னைக் குறை கூறவில்லை. "போய்விடும் என்று நீங்கள் சொன்னீர்கள் அல்லவா, ஐயா, அதனால்தான் பார்த்துக்கொண்டு இருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அதற்கு நான் சொல்லக்கூடிய பதில் ஒன்றும் இல்லை. அன்று முதல், நரம்பு நோய் வைத்தியத்தில் அனுபவமுள்ள டாக்டர்களிடம் கேட்டும் நூல்களை வாசித்தும் இச்சொற்களின் பொருளை அறிந்து வந்தேன். அவற்றுள் நம் அங்கத்தினர் அவசியம் அறியவேண்டியவற்றை இங்கே தருகிறேன்.

வாய்க்காலும் வயலும்

முதலில் நான் தாண்டிச் சென்ற அந்தச் சொல். 'இஸ்கீமியா' என்றால் இரத்த ஓட்டம் தடைப்படுதல். பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினருக்கு இதனை விளக்குவது எளிது. மடை அடைபட்டு வயலுக்கு நீர் வராமல் பயிர் வாடுவது இஸ்கீமியா. நீர் வாராமலே இருந்து பயிர் கருகிப்போவது 'இன்ஃபார்க்ட்'. அதாவது இரத்தம் கிடைக்காமல் மூளையின் ஒரு பகுதி மாண்டுபோதல். கரை உடைந்து வயல் மூழ்குவது 'ஹெமரேஜ்'. அதாவது இரத்தக்குழாய் வெடித்துக் கசிதல். இவ்விரண்டு வகையையும் சேர்த்தே 'ஸ்ட்ரோக்' என்கின்றனர். நாம் பக்கவாதம் என்கிறோம்.

அடைபட்ட மடை சிறிது நேரத்தில் தானே திறந்துகொண்டால், அதுவே அன்று சீட்டில் எழுதியிருந்த நோய். சுருக்கமாக 'டி.ஐ.ஏ.' என்று எழுதுவர். பயிர் பிழைத்தது உண்மைதான். ஆனால் மடையை அடைத்த பொருள் வாய்க்காலிலேயே கிடக்கிறது. மறுபடியும் எந்த நிமிஷமும் அடைக்கலாம். அபாயம் மிகுந்த காலம் முதல் இரண்டு நாட்களே என்பர். இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு வட்டாரத்தில் நடந்த ஓர் ஆராய்ச்சி 2007-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இத்தகைய தாக்குதலோ இலேசான பக்கவாதமோ கண்டவர்களுக்குத் தாமதமின்றிச் சிகிச்சை தொடங்கியபோது, அடுத்த 90 நாட்களில் மீண்டும் பக்கவாதம் கண்டவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர் என்பதிலிருந்து இரண்டு பேராகக் குறைந்தனர். ஆகவே, 'வந்து போயிற்று' என்பது ஆறுதல் மொழியன்று, எச்சரிக்கை மணி.

பக்கவாதம் கண்டவுடன் 'சி.டி. ஸ்கேன்' எடுப்பது ஏன் என்றும் பலர் கேட்கின்றனர். குழாய் அடைபட்டதா, வெடித்ததா என்பதை வெளித்தோற்றத்தால் உறுதியாகச் சொல்ல இயலாது. அடைப்பு எனின், கட்டியாக உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் மருந்தைத் தகுதியுள்ளவர்களுக்கு நான்கரை மணி நேரத்திற்குள் ஊசி வழியே செலுத்துவர். வெடிப்பு எனின், அதே மருந்து உயிருக்கு உலை வைக்கும். பெரிய குழாய் அடைபட்ட நிலையில் கழியும் ஒவ்வொரு நிமிஷத்திலும் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் மடிகின்றன என்று 2006-இல் ஒரு கணக்கு வெளியிடப்பட்டது. முகம் கோணல், கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகிய மூன்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், தானே சரியாகிவிட்டாலுங்கூட, எண்ணெயைத் தேடாமல் 108-ஐ அழைக்கவேண்டும். நோய் தொடங்கிய மணியை யாரேனும் ஒருவர் குறித்து வைத்து டாக்டரிடம் சொல்லவேண்டும்.

சொற்களைப் பிரித்துப் பார்ப்போம்

மருத்துவச் சொற்கள் நீளமானவையே அன்றிக் கடினமானவை அல்ல. சிறு சிறு துண்டுகளைப் பிணைத்து ஆக்கப்பட்டவை அவை. சில துண்டுகள் இடத்தைச் சொல்லும். சில நடந்ததைச் சொல்லும். சில அளவைச் சொல்லும்.

இடத்தைச் சொல்பவை: நரம்பு நோய்ச் சீட்டில் 'என்செபலோ' என்பது மூளை, 'மெனிஞ்சோ' என்பது மூளையைப் போர்த்தியுள்ள சவ்வு, 'மையலோ' என்பது தண்டுவடம், 'ரேடிகுலோ' என்பது தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர், 'நியூரோ' என்பது நரம்பு, 'மயோ' என்பது தசை.

நடந்ததைச் சொல்பவை: 'ஐட்டிஸ்' என்றால் அழற்சி, 'பதி' என்றால் கோளாறு, 'ஆல்ஜியா' என்றால் வலி, 'பரேசிஸ்' என்றால் வலுக்குறைவு, 'பிலீஜியா' என்றால் முற்றிலும் செயலிழத்தல்.

அளவைச் சொல்பவை: 'மோனோ' ஒன்று, 'ஹெமி' பாதி, அதாவது உடலின் ஒரு பக்கம், 'குவாட்ரி' நான்கு, 'பாலி' பல. 'பாராப்லீஜியா' என்றால் இரு கால்களும் செயலிழத்தல்.

இனி இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். 'ஹெமிபரேசிஸ்' என்றால் ஒரு பக்கம் வலுக்குறைந்தது. 'ஹெமிப்லீஜியா' என்றால் ஒரு பக்கம் அறவே இயங்கவில்லை. முதற்சீட்டில் பின்னதும், அடுத்த மாதச் சீட்டில் முன்னதும் இருப்பின், நோயாளி தேறி வருகிறார் என்று பொருள். 'பாலிநியூரோபதி' என்றால் பல நரம்புகளில் கோளாறு. 'என்செபலைட்டிஸ்' என்றால் மூளை அழற்சி. 'மெனிஞ்சைட்டிஸ்' என்றால் மூளைச் சவ்வின் அழற்சி. காய்ச்சலும் கடுந்தலைவலியும் கழுத்து விறைப்பும் சேர்ந்து வந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாத நோய் இது.

தறியில் ஓர் இழை அறுந்தால், அறுந்த இடத்தைக் காணாமல் முடிச்சுப் போட முடியுமா? கால் மரத்துப்போகிறது என்னும் ஒரே குறைக்கு மூளை, தண்டுவடம், நரம்பு வேர், நரம்பு ஆகிய நான்கில் எதுவும் காரணமாகலாம். டாக்டர் சுத்தியலால் முழங்காலில் தட்டுவதும், உள்ளங்காலில் கீறிப் பார்ப்பதும் இழை எங்கே அறுந்தது என்று தேடும் வேலையே.

ஓரெழுத்தால் மாறும் பொருள்

'அ' என்னும் முன்னெழுத்து கிரேக்கத்தில் இன்மையைக் குறிக்கும். நியாயம், அநியாயம் என்று நாம் வழங்குவதைப் போலவே. 'டிஸ்' என்பது குறைவையோ சிரமத்தையோ குறிக்கும். 'அஃபேசியா' என்றால் மொழியாற்றல் கெடுதல். அதுவே குறைந்த அளவில் 'டிஸ்பேசியா'. 'டிஸ்ஆர்த்ரியா' என்றால் மொழி கெடாமல் உச்சரிப்பு மட்டும் குழறுதல். 'டிஸ்பேஜியா' என்றால் விழுங்குவதில் சிரமம்.

டிஸ்பேசியா, டிஸ்பேஜியா ஆகிய இரண்டும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே ஒலிக்கின்றன. பின்னதை முன்னதாகக் கருதி, "பேச்சுதானே வரவில்லை" என்று நோயாளியின் வாயில் காப்பியோ கஞ்சியோ ஊற்றினால், அது மூச்சுக்குழாய் வழியே நுரையீரலுக்குள் சென்று நிமோனியாவை உண்டாக்கலாம். பக்கவாதம் கண்டவருக்கு, விழுங்கும் சக்தியைப் பரிசோதித்து டாக்டர் அனுமதிக்கும்வரை ஒரு வாய் நீரும் கொடுக்கலாகாது.

அஃபேசியாவைப் பற்றி மற்றொன்றும் சொல்லவேண்டும். 1861-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் பால் புரோக்கா என்னும் வைத்தியர் ஒரு நோயாளியைப் பற்றி அறிவித்தார். எதைக் கேட்டாலும் 'டான்' என்ற ஓரசையையே அவரால் சொல்ல முடிந்தது. ஆனால் பிறர் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் விளங்கிற்று. அவர் இறந்தபின் ஆராய்ந்ததில், மூளையின் இடப்பக்கத்து முன்பகுதி பழுதுபட்டிருந்தது. பேச்சு வராதவர் அறிவிழந்தவர் என்று எண்ணுவது பெருந்தவறு. அவர் முன்னிலையில், "இனி இவர் எதற்கு உதவுவார்" என்று பேசுவது அதனினும் பெருங்கொடுமை.

நம் தொழிலோடு சேர்ந்த சொற்கள்

நெசவாளர் சீட்டுகளில் அடிக்கடி காண்பது 'செர்விகல் ஸ்பாண்டிலோசிஸ்'. செர்விகல் என்றால் கழுத்து. பின்னது எலும்புத் தேய்மானம். நடுவயது கடந்தோர் பலருடைய படத்தில் இது தெரியும். பலருக்குத் தொல்லையே தருவதில்லை. இச்சொல்லுக்கு அஞ்சித் தறியை விற்க நினைத்தவர்களை நான் அறிவேன். ஆனால் இதன் பக்கத்தில் 'மையலோபதி' என்ற சொல்லும் இருப்பின், எலும்பு தண்டுவடத்தையே அழுத்துகிறது என்று பொருள். நடை விறைத்தல், சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். முதற்சொல்லுக்குப் பதறாதீர்கள்; இரண்டாவதற்குத் தாமதியாதீர்கள்.

'கார்ப்பல் டன்னல் சின்ட்ரோம்' என்பது மணிக்கட்டுப் பாதையில் நரம்பு நெரிபடுதல். பெருவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் ஆகியவை இரவில் மரத்து எரியும். 'சின்ட்ரோம்' என்பது பயங்கரச் சொல்லன்று. சேர்ந்து தோன்றும் அறிகுறிகளின் தொகுதி என்பதே அதன் பொருள். ஆரம்பத்தில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை கட்டினாலே பலருக்குக் குறையும்.

பயிரிடுவோர் அறியவேண்டியது பூச்சிமருந்தால் வரும் கேடு. ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து உடலில் ஏறினால், வியர்வையும் உமிழ்நீரும் பெருகும், கண்மணி ஊசிமுனைபோல் சுருங்கும், தசைகள் துடிக்கும். தசைத் துடிப்பைச் சீட்டில் 'ஃபாசிகுலேஷன்' என்று எழுதுவர். ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது மருந்துப் புட்டியையோ அதன் மேலுள்ள சீட்டையோ கொண்டு செல்லவேண்டும். அவ்வகை மருந்துகளில் சில, நோயாளி பிழைத்து வீடு திரும்பி இரண்டு மூன்று வாரங்கள் ஆனபின் கால் நரம்புகளைத் தளர்த்துவதும் உண்டு. பாதம் இரண்டிலும் காலுறை மாட்டியதுபோல் மரத்துப்போகும் 'பெரிபெரல் நியூரோபதி'க்கு மிகப் பொதுவான காரணம் நீரிழிவு என்பதையும் நினைவிற் கொள்க.

அடுத்தது வலிப்பு. 'சீஷர்' என்பது ஒருமுறை வரும் வலிப்பு. 'எபிலெப்சி' என்பது அது மீண்டும் மீண்டும் வரும் இயல்பு. கடுங்காய்ச்சலில் ஒருமுறை வலிப்புக் கண்ட குழந்தையைக் காக்காய் வலிப்புக்காரன் என்று பெயரிடுவது அநியாயம். எபிலெப்சியே ஆயினும், முறையாக மருந்துண்போரில் நூற்றுக்கு எழுபது பேர்வரை வலிப்பின்றி வாழலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்நோயைக் காரணமாகக் காட்டி விவாகத்தை ரத்து செய்ய இடமளித்த பழைய விதியை 1999-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சட்டமே நீக்கிவிட்டது. சட்டம் நீக்கியதை நம் மனம் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கலாமா? வலிப்பின்போது கையில் இரும்பைத் திணிக்கவேண்டா. வாயில் எதையும் வைக்கவேண்டா. ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷங்களுக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவேண்டும்.

வீணே அச்சுறுத்தும் சில சொற்களும் உண்டு. 'அக்யூட்' என்றால் அண்மையில் திடீரெனத் தோன்றியது. 'கிரானிக்' என்றால் நெடுநாளாக இருப்பது. தீராதது என்று பொருளன்று. 'லீஷன்' என்றால் பழுதுபட்ட இடம். புற்றுநோய் என்று பொருளன்று. 'இடியோபதிக்' என்றால் காரணம் புலப்படாதது. 'புரொகிரசிவ்' என்னும் சொல்லே கவனத்திற்குரியது; முன்னேற்றம் என்று மகிழவேண்டா, நோய் வரவர மிகுகிறது என்பதே அதன் பொருள்.

மூன்று கேள்விகள்

இச்சொற்களை எல்லாம் மனப்பாடம் செய்யவேண்டும் என்று நான் சொல்லவில்லை. சீட்டைக் கையில் வாங்கியவுடன், ஆஸ்பத்திரியை விட்டு வெளியேறுமுன், மூன்று கேள்விகள் கேட்டால் போதும்.

1. கோளாறு எந்த இடத்தில்? மூளையிலா, தண்டுவடத்திலா, நரம்பிலா, தசையிலா?

2. அங்கே நடந்தது என்ன? அடைப்பா, கசிவா, அழுத்தமா, அழற்சியா, தேய்வா?

3. நாங்கள் என்ன செய்யவேண்டும்? மருந்து எத்தனை நாளைக்கு? எந்த அறிகுறி கண்டால் அந்த நிமிஷமே ஓடிவரவேண்டும்?

பதிலைத் தமிழில் சொல்லுமாறு கேளுங்கள். உடன் சென்ற பிள்ளையோ பெண்ணோ அதனைச் சீட்டின் பின்புறத்தில் எழுதி, டாக்டரிடமோ நர்ஸிடமோ வாசித்துக் காட்டட்டும். கேட்பதற்குக் கூசவேண்டா. பட்டம் பெற்றவன் கேட்கக் கூசியதால் விளைந்ததை மேலே கூறியிருக்கிறேன். சங்கத்திற்குச் சீட்டைக் கொண்டுவந்தால், எங்களைப் போன்றவர்கள் தெரிந்ததை வாசித்துச் சொல்லலாம். தெரியாத சொல்லைத் தெரியாது என்றே சொல்லவேண்டும்.

அண்மையில் அதே சங்கத்திற்கு மீண்டும் சென்றிருந்தேன். பெரியவர் இப்போது தறியில் அமர்வதில்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே வீட்டிற்கே வந்து அளித்த உடற்பயிற்சியால் கோலூன்றி நடக்கிறார். இடக்கையால் இராட்டையைச் சுற்றித் தார் சுற்றுகிறார். மருமகள் நூலைப் பிடித்துக் கொடுக்கிறார். என்னைக் கண்டதும் ஏதோ சொல்ல முயன்றார். நெடுநேரம் முயன்றபின், "வா... வாங்க" என்றார். அந்த அம்மையார் சங்கப் பாஸ் புத்தகத்தை எடுத்தார். அதன் நடுவே கடைசியாக வாங்கிய சீட்டு இருந்தது. பின்புறத்தில் மகனுடைய கையெழுத்தில் மூன்று வரிகள். "டாக்டரிடம் கேட்டு எழுதியது, ஐயா. நீங்களும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று என்னிடம் நீட்டினார். இம்முறை ஒரு சொல்லையும் தாண்டாமல் வாசித்தேன்.

ஒவ்வொரு சங்கத்தின் அறிவிப்புப் பலகையிலும், நூல் விலைக்கும் கூலி விகிதத்திற்கும் பக்கத்தில், இம்மூன்று கேள்விகளையும் 108 என்ற எண்ணையும் எழுதி வைக்குமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து அவற்றை உரக்க வாசிக்கட்டும். செலவில்லாத காரியம் இது.